கணக்கு மென்பொருள் பாதியில் வெளியே தள்ளினால்: உள்நுழைவு அமர்வுப் பிழைகளைச் சரிசெய்தல்

‘உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது, மீண்டும் உள்நுழையவும்’ என்ற செய்தியைக் கண்டவுடன் பலரும் செய்யும் முதல் காரியம் பாஸ்வேர்டை மாற்றுவது. பெரும்பாலும் அது வீண் வேலை. பாஸ்வேர்டு தவறாக இருந்தால் மென்பொருள் அதை உள்நுழையும் இடத்திலேயே சொல்லிவிடும். அமர்வு என்பது பாஸ்வேர்டு ஏற்கப்பட்ட பிறகு தொடங்குவது: சர்வர் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுக்கிறது, அதன்பின் பேரேட்டைத் திறந்தாலும் வவுச்சரைச் சேமித்தாலும் பிரவுசர் அந்தச் சீட்டைக் காட்டித்தான் வேலையை முடிக்கிறது. அந்தச் சீட்டை சர்வர் மறந்திருக்கலாம், பிரவுசர் தொலைத்திருக்கலாம், அல்லது அதே பயனர் பெயரில் இன்னொரு சீட்டு ஏற்கெனவே நடப்பில் இருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஆனால் காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் கணக்கைக் காப்பாற்ற வேண்டும்.

பிழை வந்த திரையை மூடாதீர்கள். பக்கத்தைப் புதுப்பிக்கவும் வேண்டாம். தட்டச்சு செய்த வரிகள் திரையில் இன்னும் தெரிந்தால் அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீளமான விவரக் குறிப்பு இருந்தால் அதை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிவிடுங்கள். பிறகு அதே பிரவுசரில் புதிய டேப் ஒன்றைத் திறந்து, அதே பயனர் பெயரில் உள்நுழைந்து, அன்றைய நாளேட்டில் கடைசி வவுச்சர் எண் என்ன என்று பாருங்கள். இந்தச் சிறு சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள். நீங்கள் சேமிக்கும் பொத்தானை அழுத்தியபோது வவுச்சர் சர்வருக்குப் போய்ப் பதிவாகியிருக்கலாம்; ‘பதிவாயிற்று’ என்ற பதில் திரும்பி வரும் வழியில் மட்டும் இணைப்பு அறுந்திருக்கலாம். அதை அறியாமல் மறுபடியும் உள்ளிட்டால் ஒரே கொள்முதல் பில் இரண்டு எண்களில் ஏறிவிடும். கடனீந்தோர் பட்டியலைப் பார்த்துப் பணம் அனுப்புபவர் இரண்டு முறை அனுப்பிவிடுவார். நாளேட்டில் அந்த வவுச்சர் இல்லை என்பது உறுதியான பிறகே பழைய டேப்புக்குத் திரும்பிச் சேமித்துப் பாருங்கள். புதிய சீட்டு இரண்டு டேப்களுக்கும் பொது என்பதால் சில மென்பொருள்களில் அது நடந்துவிடும். படிவத்துக்குள்ளேயே பழைய அமர்வின் குறியீட்டை ஒளித்து வைத்திருக்கும் மென்பொருள்களில் நடக்காது. அப்போது எடுத்து வைத்த படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

சர்வர் மறந்த அமர்வு

நீளமான வவுச்சரை உள்ளிட்டுச் சேமிக்கும் நேரத்தில் மட்டும் பிழை வருகிறது, சிறிய பதிவுகளுக்கு வருவதில்லை என்றால் காரணம் அநேகமாக நேர வரம்புதான். நாற்பது வரிகள் கொண்ட ஒரு ஜர்னல் வவுச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியாக பில்லைப் பார்த்து, தொகையைச் சரிபார்த்து உள்ளிட அரைமணி நேரம் ஆகிறது. உங்கள் விரல்கள் ஓயவேயில்லை. ஆனால் பல வலைவழி மென்பொருள்களில் நீங்கள் தட்டச்சு செய்வது பிரவுசருக்குள்ளேயே நிற்கிறது, சேமிக்கும்வரை சர்வருக்கு ஒன்றும் போவதில்லை. சர்வரின் பார்வையில் நீங்கள் அரைமணி நேரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் என்ற வலைநிரல் தளத்தில் எழுதப்பட்ட மென்பொருளில் செயலற்ற அமர்வுக்கான இயல்பு வரம்பு 20 நிமிடங்கள். பிஎச்பி என்ற நிரல்மொழியில் 1440 விநாடிகள், அதாவது 24 நிமிடங்கள். நிறுவியவர் மாற்றாமல் விட்டிருந்தால் இந்த எண்கள்தான் உங்களை வெளியே தள்ளுகின்றன.

நிர்வாகி அனுமதி உள்ளவர் பாதுகாப்பு அமைப்புகளில் இந்த வரம்பைக் கூட்டிவிடலாம். ஆனால் எட்டு மணி நேரம் என்று வைப்பது கணக்கறைக்கு ஏற்றதல்ல. ஆள் எழுந்து போன கணினியில் வங்கிக் கொடுப்பனவுத் திரை நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். சேமிப்பதை அடிக்கடி செய்வதே என் கணிப்பில் மேலான வழி. வரைவாகச் சேமிக்கும் வசதி இருந்தால் பத்து வரிக்கு ஒரு முறை அழுத்துங்கள். இல்லையென்றால் விரிதாளில் தயாரித்து வைத்து ஒரேயடியாக இறக்குமதி செய்யுங்கள்.

நேர வரம்புக்குள் இருக்கும்போதே, எல்லாப் பயனர்களும் ஒரே நொடியில் வெளியேற்றப்பட்டால் உங்கள் கணினியில் தேடிப் பயனில்லை. சர்வரின் நினைவகத்தில் மட்டும் வைக்கப்பட்டிருக்கும் அமர்வுகள், அந்தச் சேவை மறுதொடக்கம் ஆனவுடன் மொத்தமாக அழிந்துவிடும். மைக்ரோசாஃப்டின் வலைச் சர்வரான ஐஐஎஸ்ஸில், மென்பொருளை இயக்கும் செயலிக்குழு 1740 நிமிடங்களுக்கு, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒரு முறை தானாகப் புதுப்பிக்கப்படுவது இயல்பு அமைப்பு. 29 என்பதால் வெளியேற்றம் தினமும் ஐந்து மணி நேரம் தள்ளித் தள்ளி நிகழும். ‘ஒரு ஒழுங்கே இல்லாமல் வெளியே தள்ளுகிறது’ என்று பயனர்கள் சொல்வார்கள். மூன்று நாள்களுக்கு நேரத்தைக் குறித்து வைத்தால் ஒழுங்கு தெரிந்துவிடும். அந்தப் புதுப்பித்தலை வேலை நேரத்துக்கு வெளியே ஒரு குறித்த நேரத்துக்கு மாற்றச் சொல்வதே தீர்வு.

பிரவுசர் தொலைத்த சீட்டு

பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள், பக்கம் ஒரு கணம் சுழல்கிறது, எந்தப் பிழையும் சொல்லாமல் மறுபடியும் உள்நுழைவுப் பக்கமே வந்து நிற்கிறது. இது சர்வர் கொடுத்த குக்கீயை, அதாவது அந்த அடையாளச் சீட்டைத் தாங்கும் சிறு தரவை, பிரவுசர் வாங்கி வைக்கவில்லை என்பதன் அடையாளம். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) முயன்று பாருங்கள். அங்கே உள்ளே போக முடிந்தால் பழைய குக்கீயோ பிரவுசரில் சேர்த்த ஏதேனும் ஒரு நீட்சியோ (எக்ஸ்டென்ஷன்) குறுக்கே நிற்கிறது. அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்தால் போதும். பிரவுசரின் வரலாறு முழுவதையும் துடைத்துவிட்டு மற்ற எல்லாத் தளங்களிலும் மறுபடி உள்நுழைந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

கணக்கு மென்பொருள் வேறொரு தளத்தின் பக்கத்துக்குள் பொதிந்து காட்டப்பட்டால், அல்லது வேறொரு தளத்தின் வழியாக உள்நுழைவு நடந்தால், கவனிக்க வேண்டியது வேறு. 2020இல் வெளியான குரோம் 80ஆம் பதிப்பிலிருந்து, தெளிவாக அனுமதி குறிக்கப்படாத குக்கீகள் வேற்றுத் தளச் சூழலில் அனுப்பப்படுவதில்லை; சஃபாரி அதே ஆண்டிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதுமாகத் தடுக்கிறது. மென்பொருளை நேரடி முகவரியில் தனி டேப்பில் திறந்து பாருங்கள். நேரடியாகத் திறந்தால் வேலை செய்கிறது, பொதிந்த இடத்தில் மட்டும் செய்யவில்லை என்றால் திருத்த வேண்டியவர் மென்பொருளைத் தயாரித்தவர்.

உள்நுழைவுப் பக்கத்தையே புத்தகக்குறியாக வைத்திருப்பவர்களும் உண்டு. அந்த முகவரியின் வாலில் ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் குறியீடு ஒட்டிக்கொண்டிருந்தால் மறுநாள் அது பிழையாகத்தான் முடியும். முதற்பக்க முகவரியைப் புத்தகக்குறியாக வையுங்கள்.

இரண்டு நிறுவனங்களின் கணக்கை ஒருவரே பார்க்கும் இடங்களில் இன்னொரு சிக்கல் வரும், அது பிழைச் செய்தியைவிட ஆபத்தானது. ஒரு டேப்பில் முதல் நிறுவனம், அடுத்த டேப்பில் இரண்டாவது நிறுவனம் என்று உள்நுழைந்தால், இரண்டாவது சீட்டு முதல் சீட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். திரையில் முதல் நிறுவனத்தின் பெயர் தெரிந்துகொண்டிருக்க, சேமிக்கும் வவுச்சர் மறுக்கப்படலாம். சரியாக எழுதப்படாத மென்பொருளில் இரண்டாவது நிறுவனத்திலேயே போய் ஏறிவிடவும் கூடும். இரண்டு மறைநிலைச் சாளரங்களைத் திறப்பது இதற்குத் தீர்வாகாது, ஏனெனில் பெரும்பாலான பிரவுசர்களில் அவை ஒரே குக்கீத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி பிரவுசர் சுயவிவரம் உருவாக்கி, அவற்றுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்து வையுங்கள்.

‘இந்தப் பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்’

கணினியில் நிறுவிப் பல பயனர்கள் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள்களில் இது அதிகம். மின்சாரம் போனாலும், மடிக்கணினி உறக்க நிலைக்குப் போனாலும், நெட்வொர்க் கேபிள் தளர்ந்தாலும் பயனர் முறையாக வெளியேறாமல் போகிறார். தரவுத்தளத்திலோ பூட்டுக் கோப்பிலோ அவருடைய பெயர் மட்டும் தங்கிவிடுகிறது. லைசென்ஸ் எண்ணிக்கையிலும் ஓர் இடம் பிடிபட்டிருக்கும். சில நிமிடங்கள் காத்திருந்தால் பல மென்பொருள்கள் தாமாகவே விடுவித்துவிடும். இல்லையென்றால் நிர்வாகி, நடப்பிலுள்ள பயனர் பட்டியலைத் திறந்து அந்த அமர்வை நீக்க வேண்டும்.

நீக்குவதற்கு முன் அந்தப் பயனரை நேரில் கேட்டுவிடுங்கள். அவர் வேறொரு கணினியில் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தால், அல்லது சர்வரில் அவருடைய ஆண்டு முடிவுக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அமர்வைத் துண்டிப்பது பாதிப் பதிவை விட்டுச் செல்லும். பூட்டுக் கோப்பைக் கையால் அழிப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் வெளியேறி, பேக்கப் எடுத்த பிறகு மட்டும். ஒரே பயனர் பெயரை இருவர் பகிர்வதால் இந்தச் செய்தி வருகிறதென்றால் ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிடுங்கள். பதிவை யார் திருத்தினார் என்ற தணிக்கைத் தடத்துக்கும் அதுவே பொருள் தரும்.

கடிகாரமும் இணைப்பும்

ஓடிபி செயலி காட்டும் எண் தொடர்ந்து மறுக்கப்பட்டால் கைபேசியின் நேரத்தைப் பாருங்கள். அந்த எண்கள் வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை நேரத்தை வைத்தே உருவாகின்றன. கடிகாரம் சில நிமிடங்கள் பிசகினால் எண்ணும் பிசகும். விண்டோஸ் டொமைனில், அதாவது மையச் சர்வர் நிர்வகிக்கும் அலுவலக வலையமைப்பில், இணைந்த கணினிகளில், சர்வருக்கும் கணினிக்கும் இடையே 5 நிமிடங்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் உள்நுழைவு இயல்பாகவே மறுக்கப்படும். நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை இயக்கி, ஒருமுறை ஒத்திசைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகிறதென்றால் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது.

வைஃபையிலிருந்து கைபேசி இணையத்துக்கு மாறும்போதோ விபிஎன்னை இயக்கும்போதோ மட்டும் அமர்வு அறுகிறதென்றால், மென்பொருள் அமர்வை ஐபி முகவரியோடு பிணைத்திருக்கிறது. விபிஎன்னை உள்நுழையும் முன்பே இயக்கி, வேலை முடியும்வரை மாற்றாமல் வைத்திருங்கள்.

இத்தனைக்கும் பிறகு உதவி மையத்தை நாட வேண்டியிருந்தால், ‘லாகின் ஆகவில்லை’ என்று ஒற்றை வரியில் எழுதாமல், பிழை வந்த சரியான நேரம், பயனர் பெயர், பிரவுசரின் பதிப்பு, பிழைச் செய்தியின் முழு வாசகம், எண் இருந்தால் அந்த எண் ஆகியவற்றை அனுப்புங்கள். 401 என்றால் உங்கள் சீட்டு ஏற்கப்படவில்லை. 403 என்றால் நீங்கள் கேட்டதைச் செய்ய சர்வர் மறுக்கிறது, பெரும்பாலும் அந்தத் திரைக்கு உங்களுக்கு அனுமதி இல்லாததால். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் மட்டும் யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். சர்வரின் பதிவுக்குறிப்பில் உங்கள் அமர்வைத் தேடிப் பிடிக்க அவை தேவைப்படுவதில்லை.