டெல்டாவை வரையப் போகிறீர்களா? முதலில் வரப்பில் இறங்குங்கள்

கும்பகோணம் பக்கம் வரைய வருகிறவர்களில் நிறைய பேர் முதல் தாளிலேயே ஓரத்தில் ஒரு சாய்ந்த தென்னை, நடுவில் கோபுரம், முன்னால் ஆறு என்று போட்டுவிடுகிறார்கள். ஓரத்து மரத்தைச் சட்டமாக வைத்து நடுவில் பழைய கட்டடத்தைக் காட்டுவது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பழக்கம். 1790களில் இங்கிலாந்து ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தென்னிந்தியாவைச் சுற்றி வரைந்தது அந்தக் கண்ணோடுதான். அழகான படங்கள், ஆனால் வழிப்போக்கரின் பார்வை. நீங்கள் இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறவர், உங்களுக்கு அது போதாது.

அதனால் ரோட்டில் நிற்காதீர்கள். மேட்டூர் அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியதும், காலை ஏழு மணிக்கு முன்னால், பரம்படித்து, அதாவது சேற்றைச் சமன் செய்து, தண்ணீர் நிற்கிற வயலாகப் பார்த்து வரப்பில் உட்காருங்கள். வாட்டர்கலரில் வானத்துக்கு நீலம் இழுத்துவிட்டு, தாள் காய்வதற்குள் அதே நீலத்தைக் கீழே வயலுக்கும் கொண்டுவந்து கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பைத் தொட்டு விடுங்கள், ஏனென்றால் சேற்றுத் தண்ணீரில் தெரிகிற வானம் மேலே இருப்பதைவிட ஒரு படி இருட்டு. வரப்பைக் காய்ந்த பிறகு போடுங்கள். அண்டை வெட்டி, அதாவது ஓரத்தைச் செதுக்கி, புதுச் சேறு பூசிய வரப்பு காலை வெயிலில் எருமை முதுகு மாதிரி பளபளக்கும், அந்த இடத்தில் மட்டும் தாளின் வெள்ளையை மெல்லிசாக விட்டுவிடுங்கள்.

ட்யூபில் வரும் பச்சையை அப்படியே பூசவே கூடாது. நாற்றங்காலுக்கு லெமன் மஞ்சளில் துளி நீலம். நட்ட வயல் சில நாள் வெளிறிக் கிடக்கும், அப்புறம்தான் பச்சை பிடிக்கும். இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டினால் பருவமே வந்துவிடும்.

சரி, ஆட்கள்? இதுதான் எனக்கு முக்கியம். கனடாவில் 1920இல் முதல் கண்காட்சி வைத்த ஏழு ஓவியர் குழு, பைன் மரமும் பாறையும் ஏரியுமாக வரைந்து ஒரு தேசத்துக்கே முகம் கொடுத்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்த பூர்வகுடிகள் அந்தப் படங்களில் பெரும்பாலும் இல்லை, யாருமில்லாத மண் போல ஆகிவிட்டது. வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு வரைந்தபோது உழுகிறவரையும் மேளம் அடிக்கிறவரையும் நடுவில் வைத்தார். நம் டெல்டாவுக்கு அந்த வழிதான் பொருந்தும், வாய்க்காலும் மதகும் வரப்பும் மனுஷர் கை வெட்டியவைதானே. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக் குனிந்து நடுகிற பெண்களை, அவர்களுக்குப் பின்னால் சிதறிக் கிடக்கும் நாற்று முடிகளோடு, படத்தில் பெரிதாக வையுங்கள். மோட்டார் கொட்டகையையும் கரண்ட் கம்பத்தையும் அழிக்காதீர்கள். வாய்க்கால் முடிகிற கடைமடையில் வரைகிறீர்கள் என்றால் தண்ணீர் வராமல் வெடித்த வயலும் நம் நிலக்காட்சிதான், அதையும் போடுங்கள்.

முடித்ததும் படத்தை அந்த வயலில் நடுகிறவர்களிடமே கொண்டுபோய், இது குறுவையா சம்பாவா, நட்டு எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற நாள் நீங்கள் வரைந்த நாளோடு ஒத்துப்போகாவிட்டால் பச்சையைத் திரும்பக் கலக்குங்கள்.