இரு போர்களுக்கு இடையே அமெரிக்கா ஒதுங்கியதா, தலையிட்டதா: விடை எழுதும் முறை

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா உலகை விட்டு ஒதுங்கியிருந்ததா என்ற வினாவுக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ தொடங்கும் விடை பாதி வழியிலேயே தடுமாறிவிடும். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எடுத்துக்கொண்டு, இது எந்த நிலப்பகுதியில் நடந்தது, படையாலா, பணத்தாலா, கையெழுத்தாலா நடந்தது என்று முதலில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அப்படிப் பிரித்ததுமே, ஹைத்தியில் 1934 வரையிலும் நிகரகுவாவில் 1933 வரையிலும் அமெரிக்கப் படை இருந்தது கண்ணில் படும். ஜெர்மனியின் போர் இழப்பீட்டுத் தவணைகளைச் சீரமைத்த 1924-இன் டாஸ் திட்டத்தின் வழியே அமெரிக்கக் கடன் ஜெர்மனிக்குப் போய், இழப்பீடாக பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சென்று, போர்க்கடன் தவணையாக அமெரிக்காவுக்கே திரும்பியதும் விளங்கும். ஒதுங்கல் என்ற சொல் ஐரோப்பிய அரசியல் பொறுப்புகளுக்குத்தான் ஓரளவு பொருந்துகிறது.

அடுத்து, வாக்கெடுப்புகளின் முடிவை மட்டும் பார்க்காமல், எதிர்த்தவர்கள் யார் என்பதையும் பாருங்கள். 1920 மார்ச் 19 அன்று ஜெர்மனியுடனான போரை முடித்து, பன்னாட்டுச் சங்கத்தையும் நிறுவிய வெர்சாய் உடன்படிக்கைக்கு ஆதரவாக 49 பேரும் எதிராக 35 பேரும் செனட்டில் வாக்களித்தனர். ஏற்புக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. எதிர்த்த 35 பேரில் 23 பேர், குடியரசுக் கட்சி செனட்டர் லாட்ஜ் சேர்த்த நிபந்தனைகளோடு அதை ஏற்கக் கூடாது என்ற அதிபர் வில்சனின் விருப்பத்தைப் பின்பற்றிய அவரது கட்சியினரே. பன்னாட்டுச் சங்கத்தை அமெரிக்கா ஒதுக்கித் தள்ளியது என்று ஒரே வரியில் எழுதினால் இந்த உண்மை மறைந்துபோகும் என்பதால், இவ்விடத்தில் நிதானியுங்கள்.

போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்க 1935 முதல் அமெரிக்கா இயற்றிய நடுநிலைச் சட்டங்களைப் படிக்கும்போது, யாரைத் தடுத்தன என்பதைவிட யாருக்குப் பயன்பட்டன என்று கேட்பதே நல்லது. 1935-இல் இத்தாலி எத்தியோப்பியாவைத் தாக்கியபோது ஆயுத விற்பனை இரு தரப்புக்கும் நிறுத்தப்பட்டது. ஆனால் எண்ணெய் அந்தத் தடையில் இல்லாததால் இத்தாலிக்கு அது தொடர்ந்து போனது. 1937-இல் ஜப்பான் சீனாவைத் தாக்கியபோதோ, முறையான போர் அறிவிப்பு இல்லாததைக் காரணமாகக் கொண்டு அதிபர் ரூஸ்வெல்ட் சட்டத்தை அமல்படுத்தவில்லை. சீனா ஆயுதம் வாங்கும் வழி அடைபடாமல் இருக்கவே அவ்வாறு செய்தார். 1939 நவம்பரில், ரொக்கம் கொடுத்துத் தம் கப்பலிலேயே ஏற்றிச் செல்வோருக்கு ஆயுதம் விற்கலாம் என்று சட்டம் மாறியபோது, அட்லாண்டிக் கடல்வழி பிரிட்டன், பிரான்சின் கையில் இருந்ததால் பலன் அவ்விரு நாடுகளுக்கே போய்ச் சேர்ந்தது.

விடையை நேராக, 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுசென்று முடிக்காதீர்கள். அதற்கு முந்தைய மாதங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். 1941 மார்ச்சில் பிரிட்டனுக்குப் போர்த்தளவாடங்கள் வழங்கும் கடன்-குத்தகைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே நாடாளுமன்றத்தில், ஆகஸ்டில் கட்டாயப் படைச்சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது 203-க்கு 202 என்ற ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில்தான்.