விரால் தூண்டில்: உயிர் இரையில் தொடங்கி ரப்பர் தவளைக்கு மாறுவது எப்படி?

தூண்டில் போடக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு முதலில் எழும் ஐயம், மண்புழு, மீன்குஞ்சு போன்ற உயிர் இரையைப் பயன்படுத்துவதா, கடைகளில் பல நிறங்களில் தொங்கும் செயற்கை இரையை வாங்குவதா என்பதுதான். எந்த மீனை, எப்படிப்பட்ட நீரில் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். அதனால் இந்த விளக்கத்தை நம் ஏரிகளிலும் கண்மாய்களிலும் வாழும் விரால் மீனை மையமாக வைத்து எழுதுகிறேன். விரால் இரண்டு வகை இரையையும் எடுக்கும் மீன் என்பதால், இரண்டின் வேறுபாட்டையும் ஒரே கரையில் நின்று கற்றுக்கொள்ளலாம். முதலில் உயிர் இரையில் பழகி, நீரும் மீனும் ஓரளவு பிடிபட்ட பிறகு ரப்பர் தவளை என்ற செயற்கை இரைக்கு மாறுவதே நல்ல வரிசை என்பது என் உறுதியான கருத்து.

படி 1: அனுமதி பெறுங்கள், பிறகு நீரைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் பல ஏரிகளிலும் குளங்களிலும் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ, குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும். ஊரில் விசாரித்து, அவர்களிடம் கேட்டுக்கொண்ட பிறகே கரையில் இறங்க வேண்டும். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அடங்கிய நீர்நிலையில் தூண்டில் போடும் எண்ணமே வேண்டாம்.

அனுமதி கிடைத்ததும் உடனே தூண்டிலை வீசிவிடாமல், சிறிது நேரம் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். விரால் செவுள்களை மட்டும் நம்பி வாழும் மீன் அன்று. தலைப்பகுதியில் உள்ள தனிச் சுவாச உறுப்பின் உதவியால் காற்றை நேரடியாகச் சுவாசிப்பது அதன் இயல்பு. ஆகையால் எவ்வளவு ஆழத்தில் பதுங்கியிருந்தாலும் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியே ஆக வேண்டும். அப்போது நீரில் தோன்றும் சிறு சுழிப்பும், அதைத் தொடர்ந்து எழும் குமிழ்களும் மீன் இருக்கும் இடத்தை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். தாமரை இலைகளின் ஓரம், ஆகாயத்தாமரைத் திட்டுகளின் இடைவெளி, கோரையும் நாணலும் அடர்ந்த கரையோரம் ஆகியவையே விரால் விரும்பித் தங்கும் இடங்கள். வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரமும், வெயில் தாழ்ந்த மாலை நேரமும் ஏற்றவை.

படி 2: கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இரண்டு வகை இரைக்கும் பொதுவாக ஒரே கோலும், நூலைச் சுற்றிவைக்கும் ஒரே ரீலும் போதும். ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள, நடுத்தரத்தை விடச் சற்று விறைப்பான கோலையும், 3000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீலையும் தேர்ந்தெடுங்கள். நரம்பில்தான் கவனம் தேவை. சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீளும். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நூல் ஏறக்குறைய நீள்வதே இல்லை. விராலின் வாய் எலும்பு மிகுந்த கடினமான வாய் என்பதாலும், கொக்கியில் மாட்டியதும் அது நேராகக் கொடிகளுக்குள் புகுந்துகொள்ளும் என்பதாலும், 30 முதல் 40 பவுண்டு வரை தாங்கும் பிரெய்ட் நூலே பாதுகாப்பானது. மண்புழு கட்டி ஜிலேபி, கெண்டை போன்ற சிறு மீன்களைப் பிடித்துப் பழகும்போது மட்டும் மெல்லிய நைலான் நரம்பு போதும்.

முடிச்சு ஒன்றைத் திருத்தமாகக் கற்றுக்கொள்ளுங்கள். நூலை இரட்டையாக மடித்து முள்ளின், அதாவது தூண்டில் கொக்கியின், காதில் நுழையுங்கள். அந்த இரட்டை நூலைக் கொண்டு தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, கண்ணியின் வழியாக முள்ளை முழுவதுமாகக் கடத்துங்கள். பிறகு எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். பாலோமர் என்று அழைக்கப்படும் இந்த முடிச்சு பிரெய்ட் நூலில் வழுக்காமல் நிற்கும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் நரம்பு வலுவிழக்கும் என்பதால், எந்த நூலாக இருந்தாலும் நனைத்தே இறுக்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கார்பன் இழையால் செய்த கோல் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரைகளின் மேலே மின்கம்பிகள் தாழ்வாகச் செல்வது நம் ஊர்களில் சாதாரணம். கோலை உயர்த்தும் முன் தலைக்கு மேலே பாருங்கள்; இடி மின்னல் தொடங்கினால் அந்தக் கணமே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு வெளியேறுங்கள்.

படி 3: உயிர் இரையில் தொடங்குங்கள்

மண்புழுவை ஈரமண்ணோடும் சில இலைகளோடும் ஒரு டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் அரை நாளில் செத்துவிடும். நரம்பில் முதலில் தக்கையைக் கோத்து, முள்ளுக்கு ஒரு சாண் மேலே சிறிய ஈயக்குண்டு ஒன்றை நசுக்கிப் பொருத்துங்கள். முள்ளின் எண்ணைப் புரிந்துகொள்வதில் புதியவர்கள் தடுமாறுவதுண்டு: 10, 8, 6 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும், 1க்குப் பிறகு 1/0, 2/0 என்று எண் கூடக்கூடப் பெரிதாகும். சிறு மீனுக்கு 8ஆம் எண் முள்ளும், விராலுக்கு 1/0 முள்ளும் பொருந்தும். புழுவை முள்ளின் மேல் உறைபோல ஏற்றி, நுனியில் சிறிது துடிக்கும்படி விட்டுவிடுங்கள்.

இந்த நிலையில் உங்கள் நோக்கம் பெரிய மீன் அன்று. தக்கை லேசாக ஆடினால் சிறு மீன் கொத்துகிறது, பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் இரையைக் கவ்விக்கொண்டு போகிறது, ஒரேயடியாக அமிழ்ந்தால் விழுங்கிவிட்டது என்று கண்ணால் படிக்கக் கற்றுக்கொள்வதே நோக்கம். எந்த ஆழத்தில், எந்த ஓரத்தில், எந்த நேரத்தில் மீன் கடிக்கிறது என்பதையும் இதே தக்கை சொல்லித்தரும். செயற்கை இரையில் நேரடியாகத் தொடங்குபவர், மீன் கடிக்காதபோது குறை இடத்தில் உள்ளதா, நேரத்தில் உள்ளதா, தாம் இழுக்கும் முறையில் உள்ளதா என்று பிரித்தறிய முடியாமல் சலித்துப்போகிறார். மண்புழு அந்தக் குழப்பத்தில் ஒன்றைக் குறைத்துவிடுகிறது. இரை உண்மையானது என்பதால் அதன் மீது ஐயம் எழ வாய்ப்பில்லை.

விராலுக்கென்று தனியாகப் போடும்போது, அதே நீரில் பிடித்த சிறு கெண்டையை உயிரோடு பயன்படுத்தலாம். முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பைத் தொடாமல் மேல் தசையில் மட்டும் முள்ளை நுழைத்தால் அது நெடுநேரம் நீந்தும். வேறு ஊர் நீரிலிருந்து மீன்குஞ்சைக் கொண்டுவர வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தியும், தொட்டி மீன் கடைகளிலிருந்து தப்பிய உறிஞ்சுவாய்க் கெளுத்திகளும் (சக்கர் மீன்), ஜிலேபியும் நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களை நெருக்குவதை ஒவ்வோர் ஊர் மீனவரும் சொல்வார். மிஞ்சிய இரையை நீரில் விடும் ஒருவரின் கையால்கூட இத்தகைய மீன் புதிய ஏரிக்குள் நுழைந்துவிடலாம்.

உயிர்த் தவளையை முள்ளில் கோப்பது பல ஊர்களில் பழைய வழக்கம். அதை விட்டுவிடும்படி சொல்வேன். தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல்களிலிருந்து தவளைகள் பெருமளவில் அள்ளப்பட்டதால், இந்திய அரசு 1987இல் அந்த ஏற்றுமதிக்கே தடை விதித்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்டு வாழும் உயிரை, ரப்பரில் அதைவிடச் சிறப்பாகப் பயன்படும் ஒன்று இருக்கும்போது, முள்ளில் குத்த வேண்டியதில்லை.

படி 4: ரப்பர் தவளைக்கு மாறுங்கள்

செயற்கை இரையின் அடிப்படைக் கருத்து எளிமையானது. 1936இல் பின்லாந்தைச் சேர்ந்த லவுரி ரப்பாலா என்ற மீனவர், வேட்டை மீன்கள் கூட்டத்தில் தடுமாறி நீந்தும் பலவீனமான குஞ்சைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதைக் கவனித்து, அந்தத் தள்ளாட்டத்தைப் போலவே அசையும் இரையைத் தக்கையைச் செதுக்கி உருவாக்கினார். இன்று கடையில் லூர் என்ற பெயரில் கிடைக்கும் பலவகைச் செயற்கை இரைகளும் இதே வழியில், மணமும் சுவையும் இல்லாத ஒரு பொருளை அசைவாலும் ஒலியாலும் இரையாக நம்பவைக்கின்றன. ஆகவே லூரில் பாதி வேலை அதைச் செய்த நிறுவனத்துடையது. மீதிப் பாதி உங்கள் மணிக்கட்டினுடையது.

விராலுக்கு முதலில் வாங்க வேண்டியது, உள்ளே வெற்றிடமுள்ள மென்மையான ரப்பர் தவளை ஒன்று மட்டுமே. 10 முதல் 15 கிராம் எடையுள்ளதைப் பாருங்கள். அதன் இரண்டு முட்களும் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருப்பதால் தாமரை இலையின் மீதும் ஆகாயத்தாமரையின் மீதும் சிக்காமல் வழுக்கிச் செல்லும். விரால் கடிக்கும்போது ரப்பர் அமுங்கி முட்கள் வெளிப்படும். மண்புழுவும் மீன்குஞ்சும் கொடிகளில் சிக்கி வீணாகும் இடங்களில் இந்தத் தவளைக்கு நிகர் எதுவும் இல்லை. வாங்கும்போதே கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். எளிதில் அமுங்காத தவளையில் மீன் மாட்டாது.

இழுக்கும் முறை இது: மீன் இருக்கும் என்று கருதும் இடத்துக்கு நேராக வீசாமல், அதைத் தாண்டி ஓர் ஆள் நீளம் அப்பால் விழும்படி வீசுங்கள். விழுந்ததும் அலை அடங்கும்வரை அசைக்காதீர்கள். கோலின் நுனியைத் தாழ்த்தி, சிறு சிறு வெட்டுகளாக அசைத்தபடி நூலைச் சுற்றுங்கள். இலைகளுக்கு இடையே சிறு திறந்த நீர் வரும்போது இழுப்பதை நிறுத்தி, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த நிறுத்தத்தின்போதே பெரும்பாலும் தாக்குதல் நிகழும்.

நீர் வெடிப்பதுபோல் சிதறும். உடனே கோலை மேலே வெட்டி இழுக்கக் கை தானாகவே எழும். அதை அடக்கிக்கொள்வதுதான் தவளைத் தூண்டிலில் மிகக் கடினமான பாடம். விரால் முதல் தாக்குதலில் பல நேரம் குறி தவறுகிறது, அல்லது இரையைப் பாதி மட்டுமே கவ்வுகிறது. அதற்குள் இழுத்தால் தவளை வாயிலிருந்து நழுவி உங்கள் பக்கம் பறந்து வரும். நூலில் மீனின் கனம் தெரியும்வரை ஓரிரு நொடி பொறுத்து, அதன் பிறகு வலுவாக ஒரே இழுப்பாக இழுங்கள். தவறிவிட்டால், அதே இடத்துக்கு மீண்டும் வீசி முன்பை விட மெதுவாக அசையுங்கள். பசித்த விரால் பெரும்பாலும் திரும்ப வரும். முட்கள் இரண்டும் வேகமாகத் திரும்பி வரக்கூடியவை என்பதால், தொப்பியும் கண்ணாடியும் அணியாமல் தவளையை வீசாதீர்கள்.

படி 5: அன்றைய நீருக்கேற்ப முடிவு செய்யுங்கள்

மழைக்குப் பின் நீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் ஓடும் நாளில் மீனால் இரையைத் தெளிவாகக் காண முடியாது. மணத்தையும் அதிர்வையுமே நம்பும். அத்தகைய நாளில் மண்புழுவே முந்தும். நீர் தெளிந்து, கொடி படர்ந்து, மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாத பெரிய ஏரியில், காலை இரண்டு மணி நேரத்துக்குள் பல இடங்களைத் தவளையால் அலசிவிடலாம். இரையோடு ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது இயலாது. ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்களுக்கு லூர் ஏறக்குறைய பயனற்றது. அவற்றுக்கு மாவு உருண்டையே ஏற்றது. முகத்துவாரத்தில் கொடுவாவைத் தேடுபவருக்கு உயிர் இறாலும், மீன் வடிவ லூரும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கொடுவா ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன் என்பதால், மிகப் பெரிய கொடுவா கிடைத்தால் அது முட்டையிடும் தாய் என்று கொண்டு திரும்ப விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று திரளாக மேலே வந்து மறைவதைக் காணலாம். அதன் கீழே தாய் விராலும் தந்தை விராலும் காவல் காத்துக்கொண்டிருக்கும். பசி இல்லாவிட்டாலும் அருகில் வரும் எதையும் தாக்கும். அங்கே தவளையை வீசினால் மீன் கிடைப்பது எளிது, ஆனால் காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தை விட்டு விலகி நடந்துவிடுங்கள்.

படி 6: முள்ளைக் கழற்றுதல்

மீனைத் திரும்ப விட நினைப்பவர் அறிய வேண்டிய முக்கிய வேறுபாடு இதில் இருக்கிறது. உயிர் இரையை மீன் நம்பி விழுங்கிவிடுவதால் முள் தொண்டை வரை இறங்குகிறது. நகரும் லூரைத் தாக்கும் மீனுக்கு முள் பெரும்பாலும் உதட்டிலேயே மாட்டுகிறது. ஆகையால் உயிர் இரை போடும்போது, நுனி உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள்ளைப் பயன்படுத்துங்கள். அதில் மீன் கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. சீராக நூலைச் சுற்றினால் முள் தானாகவே வாயின் ஓரத்தில் சென்று பதியும். எவ்வகை முள்ளானாலும் அதன் நுனிக்கருகில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது, உங்கள் விரலில் ஏறினாலும் எடுப்பது எளிது.

கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். விராலுக்குப் பற்கள் கூர்மையானவை, வாய்க்குள் விரலை விடாமல் நீண்ட மூக்குள்ள இடுக்கியைப் பயன்படுத்துங்கள். முள் ஆழமாக இறங்கியிருந்தால் தோண்டி எடுக்க முயலாமல், நூலை முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டு மீனை விடுவது அதற்கு நல்லது.

படி 7: கரையை விட்டுக் கிளம்பும் முன்

வெட்டிய நரம்புத் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பையில் போடுங்கள். கரையில் நடக்கும் கொக்கு, நாரையின் கால்களில் அது சுற்றிக்கொண்டால் அவிழாது. மிஞ்சிய மண்புழுவை வீட்டுத் தொட்டி மண்ணில் விட்டுவிடலாம். ரப்பர் தவளையின் உள்ளே புகுந்த நீரைப் பிழிந்து வெளியேற்றி, முட்களைத் துணியால் துடைத்து, நிழலில் உலர வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எடுக்கும்போது முள் துருப்பிடித்திருக்கும். மென்மையான ரப்பர் இரைகளைக் கடினமான பிளாஸ்டிக் லூர்களோடு ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி உருகிவிடும் என்பதால், இரண்டையும் தனித்தனிப் பைகளில் வையுங்கள்.