வேலை விளம்பரத்தின் சொல்லையே சுயவிவரத்திலும் எழுதுங்கள்

சுயவிவரத்தை அனுப்பும் முன், வேலை விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றை அதே சொல்லால், அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கணக்காளர் வேலைக்கு ‘டேலி பிரைம்’ (கணக்கு மென்பொருள்), ‘ஜிஎஸ்டி ரிட்டர்ன்’, ‘டிடிஎஸ்’ (வரிப் பிடித்தம்) என்று கேட்டிருக்கும்போது, ‘கணினிக் கணக்கியலில் அனுபவம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தேடலில் நீங்கள் அகப்படாமலே போகலாம். நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் ஆள் எடுப்பவர்கள் சொற்களைத் தட்டித்தான் தேடுகிறார்கள். சுருக்கப் பெயர், முழுப்பெயர் இரண்டையும் ஒருமுறையாவது சேர்த்துவிடுங்கள். எதைத் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

‘கடின உழைப்பாளி’ என்ற வரியைத் தயங்காமல் நீக்குங்கள். அந்த இடத்தில் மாதம் எத்தனை ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன் படிவம்) தாக்கல் செய்தீர்கள் என்று எழுதினால், படிப்பவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். தெரியாத மென்பொருளின் பெயரை மட்டும் சேர்க்கவே வேண்டாம். நேர்காணலின் முதல் கேள்வியே அதுவாக இருக்கக்கூடும்.

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே படிவமும் மதிப்பெண்ணும்தான் பேசும். தெரிந்தவர் மூலம் முதலாளியின் கையிலேயே சுயவிவரத்தைக் கொடுக்கும் சிறு நிறுவனங்களிலும் இதற்குப் பெரிய பயன் இல்லை.