வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைக்கும்போது வலியை அடக்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள்

என் தாய்மாமாவுக்கு ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம். விசைப்படகில் பல வருஷம் போனவர். ராத்திரி வலை போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் இருக்கக் கன்னத்தில் புகையிலையை அதக்கியே பழகியவர். இடது கன்னத்தில் புற்று வந்து, ஆபரேஷன் முடிந்து, மதுரையில் அறை எடுத்துத் தங்கி 30 கரண்ட்டும் (கரண்ட் என்றால் ரேடியேஷன், அதாவது கதிர்வீச்சு) வாரம் ஒரு கீமோவும் எடுத்தார். கூட இருந்தது நான். டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை, அவரிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடலுக்குப் போகிறவர்கள் வலியை வெளியே சொல்ல மாட்டார்கள். கையில் முள் ஏறினாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வலை இழுப்பார்கள். இந்தச் சிகிச்சையில் அந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. நாலாவது வாரம் மாமா மூன்று நாள் சரியாக எதுவும் விழுங்காமல், "சாப்பிட்டேன் மருமகனே" என்று சொல்லியே சமாளித்தார், நாலாம் நாள் படியில் மயங்கி விழுந்து, குளுக்கோஸ் ஏற்றி, கரண்ட் இரண்டு நாள் தள்ளிப்போனது. நடுவில் நாள் விட்டால் சிகிச்சையின் பலன் குறையும். அதனால் வலி, வாந்தி, விழுங்க முடியாமை எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் கரண்ட்டுக்கு முன்பே பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். கரண்ட் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். எத்தனை வருஷம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும் "எனக்கு இங்கே கரண்ட் வைத்திருக்கிறார்கள்" என்று முதலில் சொல்லுங்கள்.

வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம், மொத்தம் 30 முதல் 35 தடவை வைப்பார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தினமும் மதுரைக்குப் போய்வந்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மூன்றாவது வாரத்துக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

முதல் பத்து நாள் ஒன்றும் தெரியாது. "இவ்வளவுதானா" என்று மாமா மார் தட்டினார். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய் சிவந்து புண் கிளம்பும், எச்சில் பிசின் மாதிரி கெட்டியாகும், ருசி போகும். இதற்கு முதல் மருந்து வாய் கொப்பளிப்பதுதான், அது மலிவாக இருப்பதாலேயே யாரும் மதிப்பதில்லை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. நம் ஊர் உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிடும் முன்னும் பின்னும், ராத்திரி முழிப்பு வந்தால் அப்போதும் மெதுவாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கடையில் விற்கும் எரிகிற மவுத்வாஷ் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருக்கும். நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், காட்டுங்கள், மருந்து இருக்கிறது.

வலிக்கு மரத்துப்போகும் ஜெல் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தொண்டையும் மரத்திருக்கும் என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குங்கள், சூடாக எதையும் வாயில் வைக்காதீர்கள். அது போதாமல் மார்ஃபின் என்ற வலி மாத்திரை எழுதினால் பயந்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் அத்தை, "அது போதை மருந்து, பழகிடும்" என்று மாத்திரையை ஒளித்தே வைத்துவிட்டார். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குச் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாவது அபூர்வம், புண் ஆறியதும் அவர்களே படிப்படியாகக் குறைத்துவிடுவார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சாப்பாடு. கேன்சர் என்றதும் மீன் கூடாது, முட்டை கூடாது என்று தெருவே பத்தியம் சொல்லும். காதில் வாங்காதீர்கள். புண் ஆற புரதம் வேண்டும், எடை குறையக் கூடாது. வாரம் ஒரு தடவை ஒரே மெஷினில் எடை பாருங்கள். (ஒரு வாரம் ஊருக்கு வந்தபோது மாமாவை மீன் நிறுக்கிற மெஷினில்தான் ஏற்றினோம், "கிலோ என்ன விலைக்குப் போறேன்" என்று கேட்டார்.) எங்களுக்குக் கைகொடுத்தது பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அதே மீன்தான், குத்துகிற முள் கிடையாது. அவித்து உதிர்த்து, மிளகாய் இல்லாமல், தேங்காய்ப் பால் விட்டுக் குழைந்த கஞ்சியில் கலந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சூடை, சாளை மாதிரி முள் மீன் வேண்டவே வேண்டாம், கருவாடும் வேண்டாம். பாசிப்பருப்புக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், நன்றாக வெந்த முட்டையை மசித்தது, பால் பவுடர் கலந்த பால், நெய். சாப்பாட்டு நேரம் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொடுங்கள். சீசன் என்றால் கண் முன்னால் வெட்டின நுங்கு, குளுமையாக இறங்கும். எலுமிச்சை, தக்காளி, ஆரஞ்சு எரியும். ஸ்பூன் இரும்பு மாதிரி ருசித்தால் பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு மாறுங்கள்.

இதெல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்வார்கள். மாமா அதைத் தோல்வி மாதிரி நினைத்து இரண்டு நாள் மறுத்தார், போட்டபிறகு ஒரு வாரத்தில் எடை நின்றது, முன்பே போட்டிருக்கலாம் என்று அவரே சொன்னார். ஆகாரம் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், ஊற்றும்போதும் பிறகு அரை மணி நேரமும் நிமிர்ந்து உட்கார வேண்டும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். டாக்டர் அனுமதித்தால் குழாய் இருந்தாலும் இரண்டு மடக்குத் தண்ணீரை வாயால் விழுங்கச் சொல்லுங்கள். விழுங்குகிற தசையை வேலை வாங்காமல் விட்டால் பிறகு அது வேலை செய்ய மறுக்கும்.

தாடையும் அப்படித்தான், இறுகிவிடும். மூன்று விரலை அடுக்கி வாயில் வைத்துப் பாருங்கள், நுழைவது குறைந்துகொண்டே வந்தால் சொல்லுங்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து மெல்ல விரிக்கும் பயிற்சி சொல்லித் தருவார்கள். தினமும் நாலைந்து தடவை, சிகிச்சை முடிந்து மாதக்கணக்கிலும் செய்ய வேண்டும்.

கீமோவுக்கு வருகிறேன். பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்துதான். வாந்தி அன்றைக்கே நிற்காமல் நாலைந்து நாள் இழுக்கும், அதனால் வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபிறகு தேடாமல் சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். மீன் பொரிக்கிற வாசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தாலே குமட்டும், கருவாடு காய்கிற தெருவில் அதற்கு என்ன செய்ய முடியும், கதவைச் சாத்தலாம். சிறுநீரகத்தைக் காக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதில் இரைச்சல், விரல் மரத்துப்போவது, சிறுநீர் குறைவது, மூன்றில் எது வந்தாலும் அடுத்த கீமோவுக்கு முன்பே தெரிவியுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். வெள்ளை அணுக்கள் இறங்கியிருந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். மதுரைக்கே போக வேண்டும் என்றும் இல்லை, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ல் ஏற்றி, "கீமோ போய்க்கொண்டிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், தண்ணீர்கூட இறங்காமை, இவற்றுக்கும் அதேதான்.

கழுத்துத் தோல் கறுத்து உரியும். பிளேடு, பவுடர், மஞ்சள், எண்ணெய் வேண்டாம். கழுத்தில் செபமாலையோ தாயத்தோ இருந்தால் கழற்றிப் பையில் வையுங்கள். கரை வெயிலில் மெல்லிய பருத்தித் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். புகையிலையை மறுபடி தொட்டால் புண் ஆறாது, அவ்வளவுதான். அப்புறம், தட்டும் டம்ளரும் தனியாக வைக்கிறார்கள் பாருங்கள், அது பாவம். இந்த நோய் ஒட்டாது, வெளியிலிருந்து வைக்கிற கரண்ட் உடம்பிலும் தங்காது, பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

கடைசிக் கரண்ட் முடிந்த அன்று லட்டு கொடுத்தோம். அடுத்த இரண்டு வாரம்தான் மாமா அதிகமாகத் துடித்தார், யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கரண்ட் முடிந்தபிறகும் புண் கொஞ்சநாள் ஏறித்தான் இறங்கும். கொப்பளிப்பு, வலி மாத்திரை, கஞ்சி எதையும் அந்த நாளோடு நிறுத்தாதீர்கள். ருசி திரும்ப மாதங்கள் ஆகும், எச்சில் முழுசாக வராமலே போகலாம். மாமா இப்போது கரைக்குப் போனாலும் தண்ணீர் பாட்டிலோடுதான் போகிறார். ஆறாவது மாதம் அத்தை வைத்த குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, "புளி தெரியுது, மீன் இன்னும் தெரியல" என்றார்.