மடக்கினால் ஒரு முழம், விரித்தால் ஒரு தொல்லை: பயணத் தூண்டிலில் நேரும் தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலையில், பூலாம்பட்டிப் படகுத்துறையிலிருந்து சற்றுத் தள்ளி, சேலத்திலிருந்து இருசக்கர வண்டியில் வந்த இரண்டு இளைஞர்கள் புதிய தூண்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கணுக்கணுவாக இழுத்து விரித்துக்கொண்டிருந்தார்கள். “மடக்குனா பைக்குள்ளயே போயிருதுங்கண்ணா” என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார்கள். அரை மணி நேரத்துக்குள் நடுக்கணு இரண்டு உள்ளே சரிந்து, நரம்பு ஓடும் வளையங்கள் திசைக்கொன்றாகத் திரும்பி, அவற்றை முறுக்கி நேராக்கப் போனபோது ஒரு கணுவின் வாய் நீளவாக்கில் பிளந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கி ஏமாந்ததும் ஏறத்தாழ அதே வகைதான் என்பதால் இதை எழுதுகிறேன். முள்ளைக் கூராக்காமல் விடுவது, முடிச்சை நனைக்காமல் இறுக்குவது போன்றவற்றை எவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மடக்கிய நீளத்தை மட்டும் பார்ப்பது

ஏற்காட்டில் இருப்பவனுக்குக் காவிரிக்குப் போவதென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் வந்து, அங்கிருந்து மேட்டூருக்கு மற்றொரு பேருந்து பிடிக்க வேண்டும். ஏழடி மூங்கில் கோலை ஒருமுறை கொண்டுபோய், நடத்துநரிடமும் முன்னிருக்கைப் பாட்டியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, மடக்கினால் 38 சென்டிமீட்டர் மட்டுமே இருக்கும் எட்டுக் கணு டெலஸ்கோப்பிக் ராடு (கணுக்குள் கணு நுழைந்து மடங்கும் தூண்டில் கோல்) ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். விரித்தால் 2.1 மீட்டர் என்று உறையில் இருந்தது, அது உண்மைதான். அது எப்படி வளையும் என்பதை உறை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கணு அடுத்த கணுவுக்குள் நுழைய வேண்டுமானால், ஒவ்வொன்றும் அடுத்ததைவிட மெலிந்திருக்க வேண்டும். கணுக்கள் கூடக் கூட, கைப்பிடி தடித்து, நுனி மெலிந்து, சுவர்களும் மெல்லியதாகிவிடுகின்றன. கணுவும் கணுவும் இறுகிப் பிடிக்கும் இடத்தில் இரட்டைச் சுவர் இருப்பதால் அந்த இடம் வளையாது. வளைய வேண்டிய சுமையெல்லாம் அதன் விளிம்பில் வந்து குவிகிறது. போதாக்குறைக்கு, வளையம் எங்கே தேவையோ அங்கே வைக்க முடியாமல் கணுவின் வாயில்தான் வைக்க முடிகிறது. ஆகவே ராடு வளையும்போது நரம்பு, அதாவது தூண்டில் இழை, கோலோடு உரசிக்கொண்டே ஓடுகிறது.

மேட்டூருக்குக் கீழே ஆற்றில் பெரிய கட்லா மீன் ஒன்று மாட்டியபோது இத்தனையும் எனக்கு ஒரே நொடியில் விளங்கின. மேலிருந்து மூன்றாவது இணைப்பின் விளிம்பில் ராடு முறிந்தது. முறிந்த துண்டு நரம்பின் வழியே சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க, அதன் கூரான உடைப்பு நரம்பையும் அறுத்துவிட்டது. எடை பார்க்கக் கிடைக்காத மீனைப் பற்றி ஓர் ஆண்டுக்கு மேல் பேசியிருக்கிறேன்.

இதில் இன்றும் எரிச்சலூட்டுவது வேறொன்று. நான்கு துண்டாகக் கழற்றும் ஏழடி ராடு ஒன்றின் துண்டு ஏறத்தாழ 56 சென்டிமீட்டர்தான் இருக்கும். அது என் தோள்பையிலிருந்து நான்கு விரற்கடை வெளியே நீட்டும். முழங்கால்களுக்கு இடையே வைத்துக்கொண்டால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியவே தெரியாது. வெறும் 18 சென்டிமீட்டருக்காக ஒரு ராட்டையும் ஒரு மீனையும் இழந்திருக்கிறேன். கடைக்குப் போகும் முன் பையை அளந்திருந்தால் போதும், அளக்கவில்லை.

டெலஸ்கோப்பிக் என்றாலே ஆகாது என்று சொல்ல வரவில்லை. மடக்கினால் 60 சென்டிமீட்டருக்கு மேல் வரும், கணுக்கள் குறைவான ராடு, தக்கை போட்டு ஜிலேபி மீன் பிடிப்பவருக்கு மிகவும் வசதி. எதை வாங்கினாலும் கடையிலேயே முழுதாக விரித்து, நரம்பு கோத்து, நுனியை நண்பர் ஒருவரை மெல்ல இழுக்கச் சொல்லிப் பாருங்கள். வில்போல ஒரே ஓட்டமாக வளைந்தால் நல்லது. முழங்கை மடங்குவதுபோல ஓரிடத்தில் ஒடிந்து வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கைப்பிடியின் அடிமூடி கழற்றக் கூடியதா என்பதையும் பாருங்கள்: உள்ளே போன மணலைக் கழுவவும், கணுவை மாற்றவும் அந்த வழிதான் உண்டு. விரிக்கும்போது நுனியிலிருந்து தொடங்குங்கள், மடக்கும்போது அடிக்கணுவிலிருந்து தொடங்குங்கள். கணு இறுகிக்கொண்டால் முறுக்காதீர்கள். அடிமூடியைக் கழற்றிவிட்டு, ராட்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பலகை மேல் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் இளகிவிடும். துண்டு ராடானால், இணைப்பின் உட்செருகும் முனையில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் வீசும்போது கழன்று பறக்காது.

சின்ன ராட்டில் பெரிய ரீல்

ராடும், நரம்பைச் சுற்றி இழுக்கும் ரீலும் சேர்ந்து வரும் பெட்டிகளில், பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று 4000 அளவு ரீலை ஏழடி ராட்டில் மாட்டிவிடுகிறார்கள். மதியத்துக்குள் மணிக்கட்டு வலி எடுத்துவிடும். இந்த நீளத்துக்கு 2000 அல்லது 2500 அளவு போதுமானது. 2500 ரீலில் 0.25 மில்லிமீட்டர் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) ஏறத்தாழ 150 மீட்டர் ஏறும். ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நரம்பைச் சுற்ற வேண்டும். அதற்கும் குறைவாகச் சுற்றினால் தூரம் போகாது. பின்னல் நரம்பை வெறும் ஸ்பூலில் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும் என்பதால், அடியில் சில மீட்டர் தங்கூசி இருப்பது நல்லது. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியான டிராக்கை, நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு வைத்துத் தொடங்குங்கள். புதியவர்கள் அதை இறுக்கி வைத்துவிட்டு நரம்பின் மேல் பழி போடுகிறார்கள்.

பேரிங் எண்ணிக்கை

ரீலில் பேரிங் பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். நல்ல பேரிங் நான்கே போதும்.

ரீலை மாட்டியபடியே பயணம்

கைப்பிடி ஒடிந்த ரீல்கள் இரண்டு என் பரணில் இருக்கின்றன. கழற்றி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி, துணிகளின் நடுவே வையுங்கள்.

மின்கம்பி

கார்பன் ராட்டில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே விரிக்காதீர்கள், வீசாதீர்கள். இடி இடித்தால் கீழே வைத்துவிட்டு விலகுங்கள்.

அனுமதி

அணையிலோ ஏரியிலோ கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஈரத்தோடு மடக்குவது

இரவு வீடு திரும்பியதும் ராட்டை நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாக விரித்து, அடிமூடியைத் திறந்து சாய்த்து வையுங்கள். சேலத்து வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்தில் இரண்டு நாள் ஆனாலும் உட்புறம் பிசுபிசுப்பாகவே இருப்பதால், நான் சமையலறையில், அடுப்புக்கு எட்டிய தூரத்தில், வீட்டிலிருப்பவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க அதை நிறுத்தி வைக்கிறேன்.