ஷிப்ட் நேரம் நிலையில்லாதவர்களுக்கான கூடுதல் வருமானம்: தொடங்குவது எப்படி?

பகுதிநேர வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை "தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்" என்றே தொடங்குகின்றன. அடுத்த வாரம் எந்த மாலை நம்முடையது என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியும் என்றால் அந்த யோசனை எதற்குப் பயன்படும்? நிலையான ஊதியம் உள்ளவரைவிட இப்படி வேலை செய்பவருக்குத்தான் கூடுதல் வருமானம் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் அவருக்கான வழிமுறையை யாரும் பொறுமையாக எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் ஷிப்டுகள் வாரத்துக்கு வாரம் மாறும். சில நேரம் அன்று காலையிலேயே மாறும். அதோடு, நேர்காணல் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுக்கும் வேலையையும் செய்துவருகிறேன். இந்த இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரே ஒரு விதிதான் காரணம்: நம் கையில் இல்லாத நேரத்தை விற்கக் கூடாது. முடித்த வேலையை, கெடு வைத்து விற்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த விதியிலிருந்து பிறந்தவை. இணையதளங்களில் கணக்குத் தொடங்குவது, சுயவிவரம் எழுதுவது போன்றவற்றுக்கு விளக்கங்கள் ஏராளமாக உள்ளதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வேறு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது உங்கள் நாட்டில் செல்லுமா என்று பாருங்கள். பிரிட்டனில், குறைந்தபட்ச நேர உத்தரவாதமே இல்லாத 'ஜீரோ அவர்' ஒப்பந்தங்களில் இப்படியொரு தடை 2015 முதல் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 என்ற வழிகாட்டு ஆணையும், ஷிப்ட் நேரத்துக்கு வெளியே இன்னொருவரிடம் வேலை பார்ப்பதை முதலாளி பொதுவாகத் தடுக்க முடியாது என்கிறது. தொழில் ரகசியம், நலன் முரண்பாடு போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உறுப்பு நாடுகள் அதை 2022 ஆகஸ்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது.

அட்டவணையை எத்தனை நாள் முன்னதாகத் தர வேண்டும் என்பதையும் தேடிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ நகரம் பெரிய சங்கிலிக் கடைகளுக்காக 2014இல் இரண்டு வார முன்னறிவிப்பை விதியாக்கியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சில்லறை வணிகம், விடுதி, உணவு ஆகிய துறைகளின் பெரிய நிறுவனங்கள் 2020 முதல் 14 நாட்கள் முன்னதாக அட்டவணை தர வேண்டும். உங்கள் ஊரில் இப்படி ஒரு விதி இருந்து, அதை நீங்கள் அறியாமல் இருந்தால், அடுத்து வரும் கணக்கெல்லாம் தேவைக்கு மேல் கடினமாகிவிடும்.

படி 2: நான்கு வாரங்களைக் குறித்து வையுங்கள்

ஒரு தாளோ விரிதாளோ போதும். நான் தாளை விரும்புகிறேன். வேலை முடிந்து களைத்து வரும்போது தொலைபேசியைத் திறந்தால் குறிப்பதைத் தவிர மற்ற எல்லாம் நடக்கும். ஒவ்வொரு நாளும் உண்மையில் உங்களுக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தை எழுதுங்கள். மூன்று கட்டுப்பாடுகள்:

முக்கால் மணி நேரத்துக்குக் குறைவான துண்டுகளைச் சேர்க்காதீர்கள். உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே அந்த நேரம் போய்விடும்.

"கூப்பிட்டால் வர வேண்டும்" என்ற நிலையில் கழிந்த நேரத்துக்குப் பூஜ்யம் போடுங்கள். நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். ஆனாலும் அந்த நேரம் உங்களுடையது அல்ல.

இரவு கடைசி ஷிப்டுக்கும் மறுநாள் முதல் ஷிப்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தொடவே தொடாதீர்கள். ஐரோப்பிய வேலைநேர விதிகள் ஒரு நாளுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கின்றன. உங்கள் நாட்டில் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இடைவெளி 11 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் அது தூங்குவதற்கானது.

படி 3: எவ்வளவு ஒப்புக்கொள்ளலாம்? (நிதானமாகப் படியுங்கள்)

என்னை நீண்ட காலம் தடுத்து வைத்திருந்த படி இது. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் கைவிட்டுவிடுவதும் இங்கேதான்.

உங்கள் நான்கு வாரங்களில் 14, 9, 17, 6 மணி நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி பதினொன்றரை. கை தானாகவே "வாரம் பதினோரு மணி நேரம் செய்ய முடியும்" என்று எழுதப் போகும். நிறுத்துங்கள். சராசரி என்பது அந்த நான்கு வாரங்களில் ஒரு வாரம்கூட நடக்காத ஒன்று. பதினோரு மணி நேர வேலையை ஒப்புக்கொண்ட பிறகு ஆறு மணி நேர வாரம் வந்தால் ஐந்து மணி நேரம் கடனாகிறது. வாடிக்கையாளருக்கு உங்கள் ஷிப்ட் பற்றித் தெரியாது. கெடு தவறியது மட்டும்தான் தெரியும்.

ஆகவே ஒப்புக்கொள்ள வேண்டியது மிக மெலிந்த வாரத்தின் எண்ணை: ஆறு. அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். கடிதப் போக்குவரத்து, திருத்தக் கோரிக்கை, பணம் கேட்டு விலைச்சீட்டு அனுப்புவது எல்லாம் அதில் போகும். மீதி நான்கு மணி நேரம். முதல் மாதத்தில் ஒவ்வொரு வாரமும் இதுதான் உங்கள் விற்பனைச் சரக்கு.

"நான்கு மணி நேரத்தில் என்ன கிடைக்கும்?" என்று சோர்ந்துவிடாதீர்கள். பதினேழு மணி நேர வாரமும் வரும். அந்த உபரியில் அடுத்த கெடுவுக்கான வேலையை முன்கூட்டியே முடித்து வைப்பீர்கள். கையிருப்பில் முடித்த வேலை சேரச் சேர, துணிந்து அதிகம் ஒப்புக்கொள்ளலாம். மெலிந்த வாரத்தில் கெடு தவறாததால்தான் அதே வாடிக்கையாளர் மறுபடி வருகிறார்.

அடுத்தது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணிப்பு. இதில் யாருடைய மனக்கணக்கையும் நம்பாதீர்கள், உங்களுடையதையும் சேர்த்து. 1994இல் வெளியான ப்யூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோரின் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக ஏறத்தாழ 34 நாட்கள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? ஏறத்தாழ 49 என்றார்கள். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆனது. மிக மோசமான கணிப்பையே நடப்பு தாண்டிவிட்டது. அதனால் விலை சொல்வதற்கு முன் அதே வகை வேலையின் சிறு துண்டைச் செய்து, கடிகாரத்தில் அளந்துவிடுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்குவதில் ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு மணி நேர உழைப்பு என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. பலர் ஒரே நேரத்தில் பேசினாலோ பதிவு தெளிவில்லாமல் இருந்தாலோ இன்னும் கூடும். மேலே வந்த நான்கு மணி நேரச் சரக்கு என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர ஒலிப்பதிவு.

படி 4: வேலையைச் சலித்தெடுப்பது

மூன்று கேள்விகள் கேளுங்கள். குறிப்பிட்ட மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டுமா? பாதியில் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துத் தொடர முடியுமா? தொடங்கும் முன்பே அளவு தெரியுமா?

முதல் கேள்விக்கு 'இல்லை', மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அந்த வேலை நமக்கானது. எழுத்தாக்கம், மெய்ப்புத் திருத்தம், வசன வரி அமைத்தல், மொழிபெயர்ப்பு, படங்களின் பின்னணியை நீக்குதல், கலைந்த தரவுகளை விரிதாளில் ஒழுங்குபடுத்துதல் எல்லாம் இதில் அடங்கும். நேரலை வகுப்பு, வாடிக்கையாளர் அரட்டைச் சேவை போன்றவை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

உணவு, பொருள் விநியோகச் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விரும்பிய நேரத்தில் உள்நுழையலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே ஆர்டர்கள் குவிவது மாலையிலும் வார இறுதியிலும். கடையிலோ உணவகத்திலோ வேலை செய்பவரை ஷிப்டுக்கு அழைப்பதும் அதே நேரத்தில்தான். மீதமுள்ள நேரத்தில் காத்திருப்புதான் அதிகம். மூன்று கேள்விகளையும் தாண்டிவிட்டாலும் அது என் பட்டியலில் இல்லை.

வேலை தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கிருந்து விலகிவிடுங்கள். முதலில் சிறு தொகையை உண்மையாகவே உங்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு பெரிய தொகையைக் கட்டச் சொல்வது மோசடிக்காரர்களின் வழக்கமான உத்தி.

படி 5: கருவிகள்

எழுத்தாக்கத்துக்கு நான் பயன்படுத்துவது ஓட்ரான்ஸ்கிரைப். இலவசம்; உலாவியிலேயே இயங்கும். எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒலி நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும்; தட்டச்சிலிருந்து கையை எடுக்க வேண்டியதில்லை. எழுதியது உலாவியின் சேமிப்பில்தான் தங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். உலாவியின் தரவுகளை அழித்தால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் தனிக் கோப்பாக இறக்கி வையுங்கள்.

2022 செப்டம்பரில் ஓப்பன் ஏஐ வெளியிட்ட விஸ்பர் போன்ற மென்பொருள்கள் முதல் வரைவைத் தாமே எழுதித் தருகின்றன. அதனால் இந்தத் தொழில் மெதுவாகத் திருத்தும் வேலையாக மாறிவருகிறது. ஓர் எச்சரிக்கை: ஒலியில் அமைதி நிலவும் இடங்களில் யாருமே சொல்லாத வாக்கியங்களை விஸ்பர் உருவாக்கிவிடுவது உண்டு. வரைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் முழு ஒலியையும் காதால் கேட்டே ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளரின் பதிவை இணையச் சேவை எதிலும் ஏற்றும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். நேர்காணலில் பேசியவரின் அந்தரங்கம் அதில் இருக்கிறது.

பதிவைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம். படி 2இல் முக்கால் மணி நேரத்தைக் கீழ்வரம்பாக வைத்தது இதற்காகவும்தான்: ஷிப்ட் மாறிக் கிடைக்கும் மிகச் சிறிய இடைவெளியிலும் ஒரு துண்டு முழுதாக முடியும்.

படி 6: எப்படி விற்பது

அப்வொர்க், ஃபைவர் இரண்டும் தனிநபர்கள் இப்படிப்பட்ட வேலைகளை எடுத்துச் செய்யும் இணையதளங்கள். அப்வொர்க்கில் மணிக்கணக்கு ஒப்பந்தம், மொத்தத் தொகை ஒப்பந்தம் என இரண்டு வகை உண்டு. மணிக்கணக்கில் அவர்களுடைய மென்பொருள் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படமெடுக்கும். துண்டு துண்டாக வேலை செய்யும் நமக்கு மொத்தத் தொகையே ஏற்றது. வாடிக்கையாளர் தொகையை முன்கூட்டியே அப்வொர்க்கின் பொறுப்பில் செலுத்தியிருக்கிறாரா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். ஃபைவரில் எத்தனை நாளில் தருவேன் என்பதை நீங்களே நிர்ணயிக்கலாம். மூன்று நாள் வேலைக்கு ஏழு நாள் போடுங்கள். அவசரம் உள்ளவர் வேறு ஒருவரிடம் போகட்டும்.

பணம் கைக்கு வர ஆகும் காலத்தையும் கணக்கில் வையுங்கள். ஃபைவர் 20 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்ததாக ஏற்கப்பட்ட பிறகும் புதியவர்களுக்கு 14 நாட்கள் காத்திருப்பு உண்டு. அப்வொர்க்கின் மொத்தத் தொகை வேலையில், வாடிக்கையாளர் எதுவும் சொல்லாவிட்டால் வேலையை ஒப்படைத்து 14 நாட்கள் கழித்துத் தொகை விடுவிக்கப்படும். இந்த மாத வாடகைக்கு இந்த மாத வேலையை நம்ப முடியாது.

வரும் தொகையிலிருந்து வரிக்கான பங்கை அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். பகுதிநேர ஊதியத்தில் வரியை முதலாளி பிடித்திருக்கக்கூடும். இதில் யாரும் பிடிக்க மாட்டார்கள்.

முதல் கடிதத்தில் நான் எழுதும் வாசகம் இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"உங்கள் 60 நிமிடப் பதிவை வரும் வியாழக்கிழமைக்குள் முழுமையாக அனுப்புகிறேன். செய்திகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் தருவேன். உடனடிப் பேச்சுக்கு மட்டும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வோம்."

ஷிப்ட் பற்றிய விளக்கமோ மன்னிப்போ இதில் தேவையில்லை. வாடிக்கையாளர் கேட்பது நாள். அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தது: நாட்காட்டிச் சிக்கல்

படி 2ஐத் தொலைபேசியிலேயே செய்வதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். பணியிடச் செயலி தரும் ஐகால் இணைப்பை (ஷிப்ட் அட்டவணையை வேறு நாட்காட்டியில் காட்டும் இணைய முகவரி)க் கூகுள் நாட்காட்டியில் சேர்த்தபின், மாறிய ஷிப்ட் அதில் தெரியவில்லை என்பது அவர்கள் புகார். இணைப்பு பழுதாகவில்லை. வெளியிலிருந்து சேர்க்கும் நாட்காட்டிகளைக் கூகுள் தன் வசதிப்படிதான் புதுப்பிக்கும். பல மணி நேரம் ஆகலாம், நாம் அவசரப்படுத்த வழியில்லை. கடைசி நேர மாற்றங்களைக் கையால் எழுதிவிடுங்கள். கெடுவைக் கணக்கிடும் முன் பணியிடச் செயலியையே நேரடியாகத் திறந்து பாருங்கள்.

மீண்டும் சேர்த்தது: திடீரென்று கூடுதல் ஷிப்ட் தந்தால்?

ஒரு வாசகி கேட்ட கேள்வி இது, பலருக்கும் இருக்கும். கெடு நாளை மறுநாள், மேலாளர் இன்று இரவு வர முடியுமா என்கிறார். முதலில், முடிக்க வேண்டிய துண்டுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த ஷிப்டைக் கழித்த பிறகும் அவற்றுக்கு இடம் இருந்தால் போங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்கு எதில் அதிகம் கிடைக்கிறது என்று பார்க்கத் தோன்றும். புதிதாகத் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் ஷிப்ட்தான் வெல்லும். ஆனாலும் முதல் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களின் கெடுவை மட்டும் எந்த ஷிப்டுக்காகவும் விடாதீர்கள். அவர்கள் எழுதும் மதிப்புரைகளை வைத்துத்தான் நான்காவது ஆள் வருவார். ஷிப்டை மறுக்கவே முடியாது என்ற நிலை என்றால், கெடு தவறிய பிறகு அல்ல, மேலாளரிடம் சம்மதம் சொன்ன அதே நிமிடத்தில் வாடிக்கையாளருக்கு எழுதுங்கள். முடிந்த துண்டுகளை அந்தக் கடிதத்தோடு அனுப்பி, மீதிக்குப் புதிய நாள் ஒன்றைக் குறிப்பிடுங்கள்.